எதிர்காலத்தில் தோட்டத்து ஆட்கள்

திரையைப் பார்க்கிற வேலை இனி வேண்டாம் என்று கண் டாக்டர் சொன்ன மாதமே பிரஸ்ஸிலிருந்து நின்றுகொண்டேன். கதை எழுதுவதையும் அதோடு நிறுத்திவிட்டேன். இரண்டும் எனக்கு ஒரே மேசையில் நடந்த வேலை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் செய்ய எனக்குத் தெரியாது.

சில வாரங்களுக்கு முன், எழுத ஆரம்பித்திருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். போனிலேயே கதை எழுதி, போனிலேயே புத்தகமாகப் போட்டுவிடுகிறவர்கள். அச்சகத்து வாசலை மிதிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. "நீங்க ஏன் ஆன்ட்டி பதிப்பகத்துக்குக் குடுக்காம எல்லாப் புத்தகத்தையும் தனியாவே போட்டீங்க? அதுவும் பூதம், எதிர்காலம்னு?" என்று கேட்டார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் பெரிய எழுத்தில், கையால், கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார், அம்மா கொழுந்து எடுத்தார். சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன், பிறகு டைப்பிங் பழகினேன், பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதையும் பழகினேன். கண்டி டவுனில் ஃபாரூக் ஹாஜியாரின் பிரஸ்ஸில் தமிழ் டைப் செய்ய ஆள் தேவை என்று பங்குத்தந்தை சொன்னார். போய் உட்கார்ந்த கதிரையிலேயே ஓய்வு பெற்றேன். படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

அங்கே வந்த வேலையெல்லாம் கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், பள்ளிக்கூட மலர், கோயில் நோட்டீஸ். நாள் முழுக்க மற்றவர்களின் நல்லது கெட்டதை டைப் செய்தால், சாயந்தரம் ஒருவருக்கும் நடக்காத எதையாவது டைப் செய்ய ஆசை வரும். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கூட்டம் குறையும் வரை அதே மேசையில் கதை எழுதினேன்.

முதல் நாவலில் கடல் ஏறிவிடுகிறது. கொழும்பு தண்ணீருக்குள் போய்விடுகிறது. பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறி வருகிறார்கள். மலையில் இடம் இருப்பது லயங்களில்தான். ஒரு அறைக்குள் எப்படிப் பத்துப் பேர் சண்டையில்லாமல் படுப்பது, ஒரு பீலிக் குழாய்த் தண்ணீரை எப்படி முப்பது குடும்பம் பகிர்வது என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். அதனால் கழுத்தளவு கஷ்டத்துக்கு நடுவிலும் அந்த உலகம் மெல்லப் பிழைத்துக்கொள்கிறது.

அதைக் கொழும்பில் ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுசர். முழுவதும் படித்திருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு எழுத்து நல்லா வருது. ஆனா உங்க ஆட்களோட கஷ்டத்தை எழுதுங்க. கப்பல்ல வந்தது, காடு வெட்டினது, அட்டை கடிச்சது. அதைத்தான் படிப்பாங்க. எதிர்காலத்துல தோட்டத்து ஆட்களுக்கு என்ன வேலை?"

குத்திப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறியது. இந்த ரோட்டை வெட்டினதில் எங்கள் ஆட்கள் எத்தனை பேரோ என்று நினைத்தேன். நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்ட கதையைத்தான் என் மனசும் எழுதப் பார்க்கிறது!

மறுநாள் ஹாஜியாரிடம், இதை நானே போடப் போகிறேன் என்றேன். ஹாஜியார் கதை படிக்கிறவர் அல்ல. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசில எல்லாரும் மௌத்தாப் போறாங்களா?"

"இல்ல ஹாஜியார். கஷ்டப்பட்டாலும் பொழைச்சுக்குறாங்க."

"அப்ப போடலாம். மத்தது நமக்கு தினமும் வருது."

அவர் வேலை வாங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். எதையும் நல்லது என்றும் சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார். புரூஃப் எடுத்ததும், "வாசி புள்ள" என்பார். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் மெஷினுக்குப் பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எந்த இடத்தில் கண்ணைத் திறக்கிறாரோ அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. என்ன என்று சொல்ல மாட்டார். நானே தேட வேண்டும். சில நேரம் எழுத்துப் பிழை, சில நேரம் நீட்டி முழக்கியிருப்பேன், சில நேரம் பொய் சொல்லியிருப்பேன். கதையே பொய்தானே என்று கேட்கலாம். கதைக்குள்ளும் பொய் இருக்கிறது. அதற்கு அவர் கண் திறக்கும்.

சிரிப்பு வந்தால் சத்தம் வராது. தொப்பியைக் கழற்றி, ஒருமுறை பார்த்து, திரும்பப் போட்டுக்கொள்வார். என் இரண்டாவது புத்தகத்தை வாசித்தபோது தொப்பி தலையில் நிற்கவே இல்லை. அது பூதக் கதை. ஹந்தானையில் ஒரு மரத்தில் காலங்காலமாகக் குடியிருந்த பூதம், மரத்தை வெட்டியதும் டவுனுக்கு வருகிறது. வேலை தேடுகிறது. எங்கே போனாலும் கிராம சேவகரின் வதிவிட அத்தாட்சி கேட்கிறார்கள். மரம் இல்லாததால் விலாசம் இல்லை. விலாசம் இல்லாததால் அத்தாட்சி இல்லை. கடைசியில் பூதம் ஒரு கந்தோருக்குள் புகுந்து, காணாமல் போன ஃபைல்களைத் தேடிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்துவிடுகிறது. தோட்டத்தில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் பூதத்துக்காகச் சிரிக்கவில்லை. அத்தாட்சிக்கு நடந்து தேய்ந்த தங்கள் செருப்பை நினைத்துச் சிரித்தார்கள்.

தனியாகப் புத்தகம் போடுகிறவர் எழுத்தாளர் மட்டுமல்ல. ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். கதை ஒரு பக்கம் கூடிப் போனால் முழுத் தாள் வீணாகும். அதனால் கடைசி அத்தியாயத்தில் பத்தி பத்தியாக வெட்டுவேன். அப்படி வெட்டினதால் என் கதைகள் எதுவும் கெட்டுப்போகவில்லை. அட்டை கிழியாமல் கட்டுப் போடவும், பஸ்ஸில் மடியில் வைத்துப் போகவும், புத்தகக் கடைக்காரர் முகம் சுளிக்குமுன் சிரித்துப் பேசவும் பழகினேன். ஒருமுறை பல்லேகலயில் கிரிக்கெட் மேட்ச் நடந்த அன்று வாசலில் பையோடு நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் மழை வந்து ஆட்டம் நின்றது. ஒதுங்கி நின்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் என் பையைப் பார்த்தார்கள். பூதம் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. மேட்ச் திரும்பத் தொடங்கவே இல்லை. அன்று எனக்கு அது வருத்தமாக இல்லை.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு நான் உண்மையில் சொல்ல நினைத்த விசயத்துக்கு வருகிறேன்.

கடைசி நாவலில் மலைகள் ஒவ்வொன்றாகச் சரிகிற காலத்தை எழுதியிருந்தேன். மழை நிற்காத ஒரு எதிர்காலம். ஒரு தோட்டத்து ஆட்கள் மண்ணின் குறிகளைப் படிக்கப் பழகுகிறார்கள். சுவரில் வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது, மரம் சாய்வது. மலை இறங்குவதற்கு முன்னால் ஒருவர் விடாமல் எல்லாரும் தப்பித்து, புது இடத்தில் ஊர் அமைக்கிறார்கள். எழுதும்போது எனக்கே சந்தோசமாக இருந்தது. அச்சடிக்க ஆரம்பித்துவிட்டோம்.

அந்த நேரம்தான் பெருமழை வந்தது. பன்வில பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மேட்டு லயத்தின் மேல் மலை இறங்கிவிட்டது. பிழைத்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் அரிசி, பருப்பு, பாய், துணியோடு வேன் பிடித்துப் போனார்கள். நானும் போனேன். பிள்ளைகளுக்கு வாசிக்கலாம் என்று பூதத்தையும் எடுத்துக்கொண்டேன்.

வகுப்பறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். பூதம் அத்தாட்சிக்கு அலைகிற இடத்தை வாசித்தபோது பெரியவர்களும் வந்து சூழ்ந்து உட்கார்ந்தார்கள். சிரித்தார்கள். வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர், "வேற என்ன கதை எழுதுறீங்க அம்மா?" என்றார். நான் புதுக் கதையைச் சொன்னேன். அவர்களுக்குத் தெம்பாக இருக்கும் என்றுதான் சொன்னேன். எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள் என்று முடித்தேன்.

சுவரோரமாக ஒரு பெண் மகளை மடியில் படுக்கவைத்து உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்வராணி, கொழுந்து எடுப்பவள். புருசன் முருகேசு மண்ணுக்குள் போய்விட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"எல்லாருமே தப்பிச்சுட்டாங்களா அக்கா?"

"ஆமாம்மா."

"புத்தியா இருந்ததால தப்பிச்சாங்க, இல்லையா? அப்ப எங்க வீட்டுக்காரரு என்ன தப்பு செஞ்சாரு?"

ஒருவரும் அவளைச் சத்தம் போடவில்லை, என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ எனக்கு ஒரு கப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு வேனில் ஏறினேன்.

மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் கதையின் முதல் தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஹாஜியாரிடம் போய் நின்றேன்.

"நிப்பாட்டணும் ஹாஜியார். கதை மாறுது."

"எவ்வளவு மாறும்?"

"தெரியல."

அவர் எழுந்து போய்த் தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். அச்சடித்த தாள்களை ஒருமுறை பார்த்தார். "பின்பக்கம் வெள்ளையா ஈக்குதானே. ஸ்கூல் புள்ளைகளுக்குக் கணக்குப் போடக் குடுப்பம். நீ போய் எழுது. தாளுக்கு என்ன அவசரம்?" என்றார்.

மாதக்கணக்கில் எழுதினேன். கதைக்குள் இப்போது ஒருவன் சாகிறான். எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு, பின்னால் நின்றுவிட்டவர்களைக் கூப்பிட அவன் திரும்பிப் போகிறான். மலை இறங்குகிறது. ஊரே அவனுக்காக ஒரு கல் நடுகிறது. எழுதி முடித்ததும் அதை ஹாஜியாருக்கு முன் செல்வராணிக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. புரூஃபை எடுத்துக்கொண்டு பன்விலவுக்கு பஸ் ஏறினேன்.

அப்போது அவர்களைத் தகரக் கொட்டில்களுக்கு மாற்றியிருந்தார்கள். செல்வராணி வாசலில் குந்தி, விரலை வரிக்குக் கீழே வைத்து, வாயசைத்து வாசித்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முடிக்கிற வரை நான் தகரத்தில் வெயில் படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க வீட்டுக்காரரு இல்ல."

"நான் அவரை எழுதலம்மா. இது கதையில வர்ற ஆளு."

"அப்படி நீங்க சொல்லலாம். இங்க படிக்கிறவங்க எல்லாரும் அவருன்னுதான் சொல்லுவாங்க." மகளைப் பார்த்து, "போயி பீலியில தண்ணி எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அவரு ஆளுங்களைக் காப்பாத்தப் போகலக்கா. பேப்பர்க்காரங்க வந்து கேட்டப்போ காப்பாத்தப் போனாருன்னுதான் சொன்னோம். பெரிய ஆளுங்க வந்தப்பவும் அப்படித்தான் சொன்னோம். அவரு கோழிக்காகப் போனாரு."

"கோழிக்கா?"

"அடைக்கோழி. முட்டை பொரிக்கிற நேரம். எங்களையெல்லாம் வெளிய கொண்டுவந்து விட்டுட்டாரு. மழையில நின்னுக்கிட்டு, 'ஐயோ, கூடைய எடுக்கலயே'ன்னாரு. போகாதீங்கன்னு நான் கத்தினேன். 'இந்தா வந்துட்டேன்'னுட்டு ஓடினாரு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கோழி மேல அவருக்கு அப்படியொரு உசிரு. என்கூட சண்டை போட்டாக்கூட அதுக்கிட்டத்தான் போயி முறையிடுவாரு."

இரண்டு பேரும் சிரித்தோம்.

"இதை நான் எழுத மாட்டேன் செல்வராணி. பயப்படாத."

"ஏன்? எழுதுங்க. கோழிக்காகப் போறது அவ்வளவு கேவலமா? நல்ல காரியத்துக்குப் போனவன்தான் சாகலாமா? சும்மா ஒரு மனுசன் சும்மா ஒரு காரியத்துக்குப் போனாரு. மலை வந்துடுச்சு. அவரு மேல தப்பு இல்லன்னு எழுதுவீங்களா?"

எழுதுகிறேன் என்றேன்.

அதுவரைக்கும் சிரிப்புக் கதை வேறு, எதிர்காலக் கதை வேறு என்று வைத்திருந்தேன். நம்பிக்கை வருகிற இடத்தில் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் நல்லவர்களாக நிற்பார்கள். அந்த வாசலில் அது போதாது என்று தெரிந்தது. கோழிக்காக ஓடுகிற ஆளுக்கு இடமில்லாத எதிர்காலத்தை யாருக்காகக் கட்டுவது? நட்ட கல்லை எடுத்துவிட்டேன். கதையில் அந்த ஆளின் மனைவி ஊருக்கு நடுவில் நின்று, அவன் கூடைக்காகப் போனான் என்று சொல்கிறாள். ஒருவர் சிரித்துவிடுகிறார். பிறகு அவளும் சிரிக்கிறாள். புது ஊரில் யாரும் யாரையும் புத்தி இல்லாததால் செத்தான் என்று சொல்லக் கூடாது என்பது முதல் சட்டமாகிறது. அடுத்து காணி. சீட்டுக் குலுக்கிப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு துண்டு, சமதரையில், சொந்தப் பெயரில். அதோடு நாவல் முடிகிறது.

பிரஸ்ஸில் வழக்கம்போல வாசித்தேன். கூடையை எடுக்க ஓடுகிற இடத்தில் ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"இதுல சிரிக்கலாமா புள்ள?"

"சிரிக்கலாம் ஹாஜியார். அவங்க அனுமதி குடுத்துட்டாங்க."

முழுவதும் வாசித்து முடித்தேன். அன்று அவர் ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை.

புத்தகம் வந்ததும் வெளியீட்டு விழா என்று மண்டபம் எடுக்கவில்லை. முதல் பிரதியைக் கொண்டுபோய்த் தகரக் கொட்டிலில் செல்வராணியிடம் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்க்காமல் கடைசிப் பக்கங்களை முதலில் வாசித்தாள். "காணி குடுத்துட்டீங்களா?" என்றாள். "கதையில குடுத்துட்டேன்" என்றேன். இன்னொரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அது எதற்கு என்று அடுத்த முறை போனபோதுதான் தெரிந்தது. இடம் கொடுப்பதாகச் சொல்லி இவர்களை மாதக்கணக்கில் பிரதேச செயலகத்துக்கு அலையவிட்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை செல்வராணி புத்தகத்தோடு போயிருக்கிறாள். காணி அதிகாரி சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். என்ன இது என்று கேட்டிருக்கிறார். இவள் நின்ற நிலையிலேயே கதை முழுவதையும் சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். மலை இறங்கியதையும் கோழிக்கூடையையும் சொன்னாளாம். வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு வந்து கேட்டார்களாம். பக்கத்து மேசைக்காரர்கள் டீ குடிக்கப் போகாமல் இருந்தார்களாம்.

"முடிவுல என்ன ஆகுது?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"முடிவுல எங்களுக்குக் காணி கிடைச்சுடுது மஹத்தயா. புத்தகத்துல குடுத்துட்டாங்க. இனி உங்க கையெழுத்துத்தான் பாக்கி" என்றிருக்கிறாள்.

அவர் சிரித்தாராம். புத்தகத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டாராம். திருப்பித் தரவில்லை என்பதில் செல்வராணிக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

அடுத்த மழைக்கு முன் நில அளவையாளர்கள் வந்து காணிகளைப் பிரித்து எல்லைக்கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். கதையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். யார் யாரோ முயற்சி செய்திருப்பார்கள், கடிதம் எழுதியிருப்பார்கள், அந்த அதிகாரியும் நல்ல மனுசராக இருந்திருக்கலாம். செல்வராணி அதையெல்லாம் ஏற்றுக்கொள்வதில்லை. தோட்டத்தில் எல்லாரிடமும் புத்தகத்தால் வந்த காணி என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள்.

வீடு கட்டி முடித்ததும் பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தாள். போன மாதம் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் புது ஊருக்கு ஒழுங்கான பாதை இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் காலை வைத்து, மகள் கையைப் பிடித்து ஏற்றிவிட ஏறினேன். காலில் தண்ணீர் ஊற்றிய செல்வராணி, நிமிராமலே சொன்னாள்:

"அடுத்த புத்தகத்துல ரோடு போட்டுருங்க அக்கா."

"நான் எழுதுறதை நிப்பாட்டிட்டேன் செல்வராணி. கண்ணு சரியில்ல."

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ரோட்டுக்கு நாங்க யாருக்கிட்ட போறது?"